இடது பின்சக்கரம்

எனக்குக் கோபம் வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டும்போது வராது, நிறுத்திய பிறகு வரும். கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர்களில் என் அளவுக்கு வாய் உள்ளவன் எவனும் இல்லை என்று ஸ்டாண்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். விடிகாலையில் மெட்டு மலைப்பாதையில் ஏறி, சாயங்காலம் இறங்கி, இத்தனை வருஷத்தில் என் வண்டியில் வந்த ஒருத்திக்கும் ஒரு கீறல் பட்டதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு.

பழைய ஜீப்பைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுத்தபோது திமிர் இன்னும் கூடிவிட்டது. நல்ல பலமான டர்போ டீசல் எஞ்சின். பெண்கள் பன்னிரண்டு பேர் பின்னால் அடைந்து உட்கார்ந்திருந்தாலும் மெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் மூச்சு வாங்காமல் ஏறும். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் கங்காணி என் மனைவிதான். யார் வருகிறார்கள், யார் வரவில்லை, யாருக்கு எந்தத் தோட்டத்தில் வேலை என்பதெல்லாம் அவள் பொறுப்பு. முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருவாள். முதல் நாள் ஏறி உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சேத்துல நிக்குமா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. "நீ ஏலக்காயப் பாரு, நான் வண்டியப் பாத்துக்கிறேன்" என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

அடுத்த வருஷம் ஆனி மாதத்தில் அவள் கேட்டதற்குப் பதில் வந்தது. தோட்டத்து கேட்டைத் தாண்டினால் தார் ரோடு முடிந்துவிடும். சின்ன ஓடை ஒன்று. அதைக் கடந்ததும் செம்மண் ஏற்றம். ஏற்றத்தின் நடுவிலேயே ஒரு வளைவு. வலது பக்கம் மண் கரை, இடது பக்கம் பள்ளம். விடாமல் பெய்த சாரலில் பள்ளத்து ஓரமாகத் தண்ணீர் அறுத்து ஓடி ஒரு குழி விழுந்திருந்தது. இடது பின்சக்கரம் அதில் இறங்கியது. நான் ஆக்சிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் கத்தியது. சக்கரம் சேற்றை வாரி இறைத்ததே தவிர வண்டி நகரவில்லை. பிறகு நகர்ந்தது, பின்பக்கமாக. பத்தடி சறுக்கி, ஸ்டியரிங்கை ஒடித்ததில் பின்பக்கம் போய் வலது கரையில் முட்டி நின்றது. ஒருத்திக்கும் அடியில்லை. ஆனால் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வார்த்தை பேசாமல் இருந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஓடைக்கு இந்தப் பக்கமே எல்லோரும் இறங்கிக்கொண்டார்கள். "நீங்க வெறும் வண்டிய ஏத்துங்கண்ணே, நாங்க நடந்து வாரோம்" என்றார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. பயந்தவர்களை ஏற்றக் கூடாது. ஆனால் என் மனைவியும் இறங்கினாள். அவளுக்கு வலது முட்டி தேய்ந்துபோயிருக்கிறது. தேனியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சமதரையில நடங்க, ஏத்தம் மட்டும் ஏறாதீங்க" என்று கைகூப்பாத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஏற்றத்தை நடந்து ஏற அரை மணி நேரம் ஆகும். மழையில், சேற்றில், கால் பூராவும் அட்டையோடு.

"நீ உக்காருடி" என்றேன்.

"அம்புட்டுப் பேரும் நடக்கையில நான் மட்டும் மகாராணி கணக்கா உக்காந்து வரவா? கங்காணின்னா முன்னாடி எறங்கணும்யா" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உப்பை வறுத்துத் துணியில் கட்டி முட்டியில் ஒத்தடம் வைத்துக்கொள்வாள். வாய் திறந்து வலி என்று சொல்ல மாட்டாள். எழுந்திருக்கும்போது மட்டும் சுவரைப் பிடித்து ஒரு கணம் நிற்பாள். அந்த ஒரு கணத்தை என்னால் பார்க்க முடியாது. ஏதாவது ஒரு சாக்கில் சத்தம் போட்டுக்கொண்டே வெளியே போய்விடுவேன். அவளை அந்த முன் சீட்டில் திரும்ப உட்கார வைக்க வேண்டும். பெண்கள் ஏறினால்தான் அவள் ஏறுவாள். வண்டி சறுக்காது என்று தெரிந்தால்தான் பெண்கள் ஏறுவார்கள்.

வண்டி ஏன் சறுக்கியது என்பது எனக்குத் தெரியும். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் கொஞ்சம் ஓடினால் போதும். இரண்டையும் தனித்தனி வேகத்தில் சுற்றவிடுவது டிப்ரன்சியலின் வேலை. தார் ரோட்டில் அது சமர்த்து. சேற்றில் அதற்குப் புத்தி கெட்டுவிடும். எந்தச் சக்கரம் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறதோ அதற்கே எஞ்சின் பலத்தையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிட்டு, நல்ல தரையில் நிற்கிற சக்கரத்தைப் பட்டினி போடும். எஞ்சின் பலம் கூடக் கூடக் கூத்தும் கூடும். இதற்கென்று லிமிடெட் ஸ்லிப் டிப்ரன்சியல் என்று தனியாக வாங்கிப் பொருத்தலாம். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதையும் சேர்த்து இழுக்கவைக்கும். கேள்விப்பட்டிருந்தேனே தவிர ஒன்றையும் கண்ணால் பார்த்ததில்லை.

கம்பத்தில் என் மெக்கானிக் உறவுமுறைக்கு மாமா. விஷயத்தைச் சொன்னதும், "எதுக்கு மாப்ள அலையிற? உள்ளாற இருக்க பல்லுச் சக்கரத்த எல்லாம் ஒண்ணாச் சேத்து வெல்டிங் அடிச்சு விட்ருவோம். ரெண்டு சக்கரமும் ஒண்ணாச் சுத்திட்டுப் போகுது" என்றார். ஸ்டாண்டில் ஒருவன் அப்படித்தான் செய்துவைத்திருந்தான். கொண்டை ஊசி வளைவில் திருப்பினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும். டயர் கத்துகிற கத்தல் பக்கத்து ஊர் கூடலூர் வரைக்கும் கேட்கும். கடைசியில் ஆக்சில் முறிந்து நடு வளைவில் நின்றது. "மாமா, சேத்துல தப்பிச்சு மெட்டுல சாகச் சொல்றீகளா?" என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

தேனியில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். முதலில் ஒன்று, பட்டனைத் தட்டினால் காற்று அழுத்தத்தில் இரண்டு சக்கரத்தையும் கெட்டியாகப் பூட்டிவிடும் வகை. நல்ல சாமான்தான். ஆனால் என் ஏற்றத்தின் நடுவில் வளைவு இருக்கிறதே. பூட்டிய வண்டி அங்கே திரும்பாது, பூட்டைத் திறந்தால் ஏறாது. அடுத்தது முழுக்கப் பல்சக்கரங்களால் ஆனது. தேய்மானம் குறைவு, பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தபோது எனக்கு ஆசையாகவே இருந்தது. "ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குனா?" என்று கேட்டேன். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். அப்போது அதற்கும் பிடி கிடைக்காது, லேசாக பிரேக்கை மிதித்துச் சமாளிக்க வேண்டும் என்றார். என் இடது சக்கரம் அந்தக் குழியில் பாதி நேரம் அந்தரத்தில்தான் தொங்குகிறது. மூன்றாவதாக ஒரு பெட்டியைத் தள்ளி, "இது எல்லா வண்டிக்கும் பொருந்தும்ணே" என்றார். எல்லா வண்டிக்கும் பொருந்துவது கண்ணாடியில் ஒட்டுகிற சாமி படம் மட்டும்தான். கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

கடைசியில் கோயம்புத்தூரில் தட்டு வகை செய்கிற ஒரு பட்டறையின் நம்பர் கிடைத்தது. உள்ளே தட்டுகள் அடுக்கடுக்காக அழுத்திக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் மட்டும் வேகமாகச் சுற்றப் பார்த்தால் தட்டுகளின் உராய்வு அதைப் பிடித்து மறுபக்கத்தையும் சேர்த்துச் சுற்றவைக்கும். போனை எடுத்தவர் விலையைச் சொல்லவில்லை. கேள்வி கேட்டார். ஆக்சில் நுனியில் பல் எத்தனை, கிரவுன் பல்சக்கரத்தில் எத்தனை, அதைச் சுற்றவைக்கும் சின்னப் பினியனில் எத்தனை, எவ்வளவு பாரம், எந்த மாதிரி ரோடு. "பின் டயர் ரெண்டும் ஒரே மாதிரிதானுங்களே?" என்றும் கேட்டார். "ஆமா, ரெண்டும் வண்டியோட வந்தது, ஒண்ணாவே தேஞ்சது" என்றேன். அது உண்மைதான். "எண்ணிட்டுக் கூப்பிடுங்க. எண்ணாம நான் அனுப்ப மாட்டேனுங்க" என்றார்.

நான் ஸ்டாண்டில் எல்லோரிடமும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். விற்கிறவன் வாங்குகிறவனைப் பரீட்சை வைக்கிறான் என்று. ஆனால் மனசுக்குள் அந்த ஆளைப் பிடித்துப்போனது. மாமாவைச் சமாதானப்படுத்தி, டிப்ரன்சியல் கூட்டைத் திறந்து பல்லை எண்ணிச் சொன்னேன். அப்போதும் பட்டறைக்காரர், "இது மந்திரம் இல்லீங்க. ரெண்டு சக்கரமும் சேத்துல போனா ரெண்டுந்தான் சுத்தும். தட்டு தேயும், மாத்தித் தர்றோம். இதுக்குன்னு இருக்கற ஆயில் மட்டுந்தான் ஊத்தோணும்" என்றார். தன் சாமானின் குறையைத் தானே சொல்கிறவனிடம் வாங்கலாம் என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் யார் வந்து கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். முதலில் வண்டி எங்கே மாட்டுகிறது என்று பார், பிறகு உன்னைக் கேள்வி கேட்கிற ஆளாகப் பார்த்து வாங்கு.

சாமான் வந்தது. மாமா ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பொருத்தினார். ஆயிலும் அவர்கள் சொன்னதே. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே நான் போய் ஒரு புது டயர் வாங்கி வந்தேன். ஒன்றே ஒன்று. எங்கள் பக்கம் யாரும் டயரை ஜோடியாக வாங்குவதில்லை. தேய்ந்தது எதுவோ அதை மாற்றுவோம், மற்றது ஓடும் வரை ஓடட்டும் என்று விடுவோம். அந்தப் புது டயரை இடது பின்பக்கம் போடச் சொன்னேன். வழுக்குகிற பக்கம் அல்லவா அது? மாமாவும், "ரோசனைதான் மாப்ள" என்று பாராட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உர மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தனியாக அந்த ஏற்றத்துக்குப் போனேன். இடது சக்கரம் குழியில் இறங்கியது. ஒரு சுற்று வீணாகச் சுற்றியது. உடனே வலது சக்கரம் மண்ணைப் பிடித்து உந்த, வண்டி ஏறிவிட்டது. மேலே போய் நிறுத்திவிட்டு அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? இறங்கி வந்து, ஏறி, இறங்கி, மூன்று முறை ஏறிப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால், "நல்லது. பத்து நாளு நீயே ஏத்து. அப்புறம் பாப்போம்" என்கிறாள். பெண்களைக் கேட்டால், "அக்கா ஏறச் சொன்னா ஏறுறோம்" என்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு வழி நெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பத்து நாளுக்குள்ளேயே சத்தம் ஆரம்பித்துவிட்டது. மெட்டில் வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து 'டக்கு டக்கு' என்று அடித்தது. பிறகு நேர் ரோட்டிலும் ஒரு முனகல். லோயர்கேம்ப் பக்கம் ஒரு சவாரி போய் வந்து நிறுத்தியபோது கருகிய வாடை. கூட்டில் கை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு. அன்று சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து இறங்கிய பெண்கள் அந்த வாடையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான் வாசலில் நின்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பின் டயர் ரெண்டையும் அளந்து சொல்லுங்க" என்றார். "டயர் வாங்கத் தெரியாமலா வண்டி ஓட்டுறோம் இங்கன? உங்க சாமான் ஓட்டை, அதச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டுக் கட் பண்ணினேன்.

என் மனைவி படியில் உட்கார்ந்து முட்டியில் உப்பு மூட்டையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"கேட்டாகல்ல ஒரு கேள்வி? அளந்தியா?"

"என்னத்த அளக்க? ரெண்டும் ஒரே சைசு. டயர்லயே எழுதியிருக்கு."

"எழுதுனத விடுய்யா. அளந்தியா இல்லையா?"

அவள் சுவரைப் பிடித்து எழுந்து, மூட்டை தைக்கிற சணல் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கி வைத்துத் தூக்கினேன். இடது டயரைச் சுற்றிக் கயிற்றைப் பிடித்து ஒரு முடிச்சுப் போட்டாள். வலது டயரைச் சுற்றி இன்னொரு கயிறு, இன்னொரு முடிச்சு. இரண்டையும் சேர்த்து இழுத்துப் பிடித்தாள். இடது கயிறு வலதைவிட மூன்று விரல்கடை நீளம்.

புது டயர் பெரிசு, தேய்ந்த டயர் சிறுசு. நேர் ரோட்டில் போனாலும் இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில்தான் சுற்றும். தட்டுகளுக்கு அது வழுக்கலா டயர் வித்தியாசமா என்று எப்படித் தெரியும்? பிடி பிடி என்று கம்பத்திலிருந்து தோட்டம் வரை, தோட்டத்திலிருந்து கம்பம் வரை, ஓய்வில்லாமல் உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. பழைய டிப்ரன்சியலாக இருந்தால் இதைக் கண்டுகொண்டிருக்காது.

"வழுக்குற பக்கம் நல்ல டயராப் போட்டேன்டி" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"கெட்டிக்காரந்தான்" என்று சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முட்டி வலியோடு ஜாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து வெகு நாளாகியிருந்தது. கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கோயம்புத்தூருக்கு நானே கூப்பிட்டு, நான் பேசியது தப்பு என்று சொன்னேன். வாழ்க்கையில் அதிகம் பேருக்கு நான் அதைச் சொன்னதில்லை. "அட, விடுங்க. பாதிப் பேர் பண்றதுதானுங்க. டயர ஜோடியாப் போட்டு ஆயில மாத்துங்க. தட்டு பொழச்சிருந்தா சத்தம் அடங்கிரும்" என்றார். வலது பக்கத்துக்கும் அதே டயர் வாங்கினேன். மாமா பழைய ஆயிலை இறக்கினார். தார் போல வந்தது. தட்டுகளைத் துடைத்துப் பார்த்து, கருத்திருக்கிறதே தவிர தேயவில்லை என்றார். புது ஆயில் ஊற்றி மெட்டு ஏறி இறங்கினேன். ஒரு வளைவிலும் சத்தமில்லை. அப்புறமும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் சொன்ன பத்து நாள் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

ஆவணி பிறந்தும் சாரல் விடவில்லை. பத்து நாள் முடிந்த மறுநாள் காலையில் ஓடைக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு யாரும் எறங்க வேணாம்" என்றேன். பின்னால் எல்லோரும் என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் திரும்பி, "உக்காருங்கடி. வண்டி ஏறும்" என்றாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த நொடி அவள் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினாள்.

அவ்வளவுதான். இரண்டு மாதமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. "எங்கடி போற? யாருக்காக இம்புட்டும் பண்ணுனேன்? எனக்காகவா, இவுகளுக்காகவா? ஒன் முட்டிக்காகத்தான்டி! ஒவ்வொரு நாளும் நீ செவுத்தப் பிடிச்சு எந்திரிக்கிறதப் பாக்க மாட்டாமத்தான்டி தேனிக்கும் கம்பத்துக்கும் நாயா அலைஞ்சேன்!"

மழையில் நின்றுகொண்டு அவள் என்னையே பார்த்தாள். பின்னாலிருந்து ஒரு பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா? அக்கா நடக்கவா எறங்குறாக? கட்டை போடல்ல எறங்குறாக."

ஓடையோரப் புதருக்குள் கையை விட்டு என் மனைவி ஒரு மரக்கட்டையை எடுத்தாள். ஆப்பு மாதிரி ஒரு பக்கம் சீவியிருந்தது. வண்டி பின்னால் சறுக்கினால் சக்கரத்துக்கு அடியில் போடுகிற கட்டை. மலையில் லோடு வண்டிகளுக்குக் கிளீனர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பான். இரண்டு மாதமாக, தினமும் காலையில், நான் மேலே பார்த்து வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் படுதா இறங்கியிருக்க, இவள் அந்தக் கட்டையோடு என் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சேற்றில் ஏறியிருக்கிறாள். எந்த இடத்தில் வண்டி சறுக்குமோ சரியாக அந்த இடத்துக்குக் கீழே நின்றிருக்கிறாள்.

நான் இறங்கி அவள் பக்கத்தில் போனேன். "வண்டி பின்னால வந்திருந்தா ஒன் மேலல்லடி வந்திருக்கும்?"

"வந்தா கட்டையப் போட்டிருப்பேன்."

"போட முடியலைன்னா?"

அவள் கட்டையில் ஒட்டியிருந்த சேற்றை விரலால் வழித்துப் போட்டாள். "நீ ஒத்தையில பள்ளத்துல போறத மேல நின்னு பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்றாள்.

கட்டையை அவள் கையிலிருந்து வாங்கிப் பின்னால் பெண்களின் காலடியில் போட்டேன். "நீ கீழ நின்னா நான் கியர் போட மாட்டேன். சாயங்காலம் வரைக்கும் இங்கனயே நிப்பேன்" என்றேன். அவளுக்கு என்னைத் தெரியும். சேலையைப் பிழிந்து உதறிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

ஓடையைக் கடந்தேன். ஏற்றத்தில் இடது சக்கரம் குழியில் இறங்கி, தொங்கி, சுற்றியது. ஒரு கணம் வண்டி நின்றது போலிருந்தது. அப்புறம் வலது பக்கம் மண்ணைப் பிடித்தது. வளைவு திரும்பி, மேலே ஏறி, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் நிறுத்தினேன். பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு கூடைகளை எடுத்தார்கள்.

ஹேண்ட்பிரேக்கைப் போடக் கையைக் கொண்டுபோனேன். அங்கே ஏற்கெனவே அவள் கை இருந்தது. லீவரைக் கெட்டியாகப் பிடித்திருந்தது, விரலெல்லாம் வெளுத்துப்போய். ஏறின நேரம் பூராவும் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

"வந்துட்டோம். கையை எடு" என்றேன்.

"இரு. இன்னுங் கொஞ்ச நேரம் பிடிச்சிக்கிறேன்" என்றாள்.